இரும்பு தேடிய ஐந்து இடங்கள்

சங்ககிரி குமாரசாமி பழைய லாரிகளை விற்றுக் கொடுக்கும் தரகர். வயது ஐம்பத்தெட்டு. முப்பத்தோர் ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கிறார். அவருக்கென்று அலுவலகம் கிடையாது. நெடுஞ்சாலையோரத்து டயர் கடை ஒன்றின் முன்னால் இரண்டு நாற்காலிகள் கிடக்கின்றன. அவற்றுள் கை உடைந்தது அவருடையது என்பது அங்குள்ளோர் அனைவருக்கும் தெரியும்.

மற்றத் தரகர்கள் வண்டியின் பெருமையிலிருந்து தொடங்குவார்கள். குமாரசாமி குறையிலிருந்து தொடங்குவார். வாங்க வந்தவர் வண்டியைச் சுற்றி வருவதற்கு முன்பே, "இது ஒருக்கா தொப்பூர்ல உருண்டதுங்க. கேபின் புதுசு, சேசிஸ் பழசு. ரெண்டு எடத்துல வெல்டிங் இருக்குது" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். திரும்பி வரும்போதும் அந்த ஆள் அங்கேயே நின்றுகொண்டிருந்தால்தான் வண்டியின் நல்ல குணங்களைப் பற்றிப் பேசுவார்.

குறையைக் கண்டுபிடிக்க அவர் வகுத்துக்கொண்ட முறை ஒன்று உண்டு. சட்டைப்பையில் சிறு காந்தம் வைத்திருப்பார். அதை வண்டியின் உடம்பில் ஒட்டிப் பார்ப்பார். ஒட்டவில்லையென்றால், துருப்பிடித்த இடத்தில் கனமாகப் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று பொருள். அதன்பின் ஆண்டி என்கிற பெயின்டரை அழைத்து, ஐந்து இடங்களில் பெயின்டையும் பட்டியையும் கிரைண்டரால் நீக்கி, இரும்பு வெளியே தெரியும்படி செய்வார். ஐந்து என்பது அவர் வைத்திருக்கும் கணக்கு, கூடாது, குறையாது. வாங்க வருபவர் இரும்பைக் கண்ணால் பார்த்துவிட்டு விலை பேசலாம். இதனால் வண்டி உரிமையாளர்களில் பலருக்கு அவர்மீது மனத்தாங்கல் உண்டு. ஆனால் நெல்லூரிலும் தும்கூரிலும் இருக்கும் லாரிக்காரர்கள் அவர் தொலைபேசியில் சொன்னதை மட்டும் நம்பி, வண்டியைப் பார்க்காமலேயே முன்பணம் அனுப்புகிறார்கள். அவருடைய முதலீடு அது ஒன்றுதான்.

சென்ற ஆண்டு ஆனி மாதத் தொடக்கத்தில் ஜெயபிரகாஷ் என்பவர் அவரைத் தேடி வந்தார். திருச்செங்கோட்டுப் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் வைத்திருப்பவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். ஆப்பிரிக்க நாடொன்றில் ஆறு ஆண்டுகள் ரிக் ஓட்டிப் பொருள் சேர்த்தவர். அங்கே இருந்தபோது யாரோ ஒரு செல்வந்தர் அவரைக் கடலுக்கு அழைத்துச் சென்று, ஆள் உயர மீன் ஒன்றைத் தூண்டிலில் பிடிக்க வைத்திருக்கிறார். அந்த மீன் அவர் மனத்தை விட்டு இறங்கவில்லை. ஊர் திரும்பியதும் கொச்சியில் விலைக்கு வந்த படகொன்றை வாங்கி, லோபெட் டிரெய்லரில் ஏற்றிப் பாலக்காடு வழியாகக் கொண்டுவந்துவிட்டார். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் அதை விடலாம் என்பது அவர் எண்ணம். அனுமதி கிடைக்கவில்லை. பதினான்கு மாதங்களாகப் படகு அவருடைய ரிக் யார்டில், கம்ப்ரசர்களுக்கும் பழைய குழாய்களுக்கும் நடுவில், இரும்புத் தாங்கிகளின்மேல் நின்றுகொண்டிருந்தது.

அதை விற்றுக் கொடுக்க வேண்டும் என்று குமாரசாமியிடம் கேட்டார். ஆடி பிறப்பதற்கு முன் யார்டை விட்டு அது வெளியேற வேண்டும்; ஆடியில் எந்த வண்டியும் கைமாறுவதில்லை. இந்த ஒன்றை முடித்துக் கொடுத்தால், தாம் விற்க இருக்கும் ஏழு ரிக்குகளையும் குமாரசாமி வழியாகவே விற்பதாக வாக்களித்தார். ஏழு ரிக் என்பது குமாரசாமி மூன்று ஆண்டுகளில் பார்க்கும் தொழில். அவர் மறுநாளே படகைப் பார்க்கப் போனார்.

ஆழ்கடலில் பொழுதுபோக்காகப் பெருமீன் பிடிப்பவர்களுக்கென்றே கட்டப்பட்ட உயர்ரகப் படகு அது. நாற்பத்திரண்டு அடி நீளம், பதினான்கடி அகலம். இரண்டு டீசல் எஞ்சின்கள், குளிரூட்டிய இரண்டு படுக்கையறைகள், சமையலறை, இரை மீன்களை உயிரோடு வைத்திருக்கும் தொட்டி. பின்தளத்தின் நடுவே, மீன் சிக்கியதும் உட்கார்ந்து இழுப்பதற்காகத் தோல் தைத்த சுழல் நாற்காலி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. யார்டில் வேலை செய்பவர்கள் அதைச் சலூன் நாற்காலி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவரையொருவர் அதில் உட்காரவைத்து முகச்சவரமும் செய்திருக்கிறார்கள் என்று பின்னர் தெரியவந்தது.

படகோடு பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட ஆங்கில விவரப் புத்தகம் ஒன்றும் இருந்தது. குமாரசாமியின் வீடு என் வீட்டிலிருந்து மூன்றாவது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாலையில் வந்தார். நான் படித்துப் பொருள் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக் கேட்டார். எஞ்சின்கள் தொள்ளாயிரத்துப் பத்து மணி நேரம் ஓடியிருக்கின்றன என்றதும் தலையசைத்தார். ரிக் கம்ப்ரசர்களின் ஓட்டத்தையும் மணிக்கணக்கில்தான் சொல்வார்கள். வேகத்தைச் சொன்னபோது, கிலோமீட்டரில் சொல்லுமாறு கேட்டார். மணிக்கு ஏறத்தாழ அறுபது என்றேன். தண்ணீரிலா என்று கேட்டு, ஆம் என்றதும் மேலே படிக்கச் சொன்னார். கடைசிப் பக்கமும் முடிந்த பிறகு கண்ணைத் திறந்தார்.

"இதுல எங்கீமே கொறைன்னு ஒண்ணு போடலீங்களா சார்?"

இல்லை என்றேன்.

"அப்ப நான் என்னன்னு சொல்லி விக்கறது?"

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. லாரியாக இருந்தால் எங்கே துருப்பிடிக்கும், எங்கே விரிசல் விடும் என்று அவருக்குத் தெரியும். கடலையே அவர் இருமுறைதான் பார்த்திருக்கிறார். இரண்டு முறையும் திருச்செந்தூரில். இரண்டு முறையும் மொட்டைத் தலையோடு. குறை தெரியாத பொருளைக் கைமாற்றிவிட்டால், தாம் முப்பத்தோர் ஆண்டுகளாகச் சொல்லிவந்ததற்கு மதிப்பில்லாமல் போய்விடும் என்று கருதினார். அவர் மனைவி ராசாத்தி அன்று, "லாரின்னா அடியில போயி மூணு நாளு படுத்துக் கெடப்பீங்க. இதுக்கு எந்தக் கெணத்துல போயி முங்குவீங்க?" என்று கேட்டதாக அவரே என்னிடம் சொன்னார்.

நான்காம் நாள் அவர் படகின் அடியில் படுத்தார்.

மேற்பகுதி ஃபைபர் என்பது தட்டிப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. அடிப்பகுதி வேறு நிறத்தில் இருந்தது. மங்கிய செங்காவி, தொட்டால் சொரசொரப்பு. லாரித் தொழிலில் அந்த நிறத்துக்கு ஒரே பொருள்தான் உண்டு. இரும்புத் தகட்டின்மேல் துருப்பிடிக்காமலிருக்க முதலில் பூசும் ரெட் ஆக்சைடு அது. ஆகவே, நீரில் அமிழும் பகுதி இரும்பு என்று முடிவு செய்தார். காந்தத்தை எடுத்து ஒட்டிப் பார்த்தார். ஒட்டவில்லை. பட்டி மிகக் கனமாகப் பூசப்பட்டிருக்கிறது என்று இரண்டாவது முடிவுக்கு வந்தார். அவருடைய அனுபவத்தின்படி இரண்டு முடிவுகளிலும் பிழையில்லை.

ஆண்டி கிரைண்டரோடு வந்தார். முதல் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் செங்காவி போயிற்று. அதன்கீழ் சாம்பல் நிறப் பூச்சு போயிற்று. அதன்கீழ் வெள்ளை போயிற்று. ஆண்டி மேலும் ஆழமாக வைத்தார். பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையைச் சொறிந்துகொண்டார்.

"அண்ணா, இரும்பு வரலீங்க. துணி வருது."

குமாரசாமி விரலால் தடவிப் பார்த்தார். நரம்பு நரம்பாக நெய்த துணிதான். துரு தின்ற ஓட்டையைத் துணி வைத்து அடைத்துப் பட்டி பூசுவது பழைய வண்டிகளில் நடக்கும் காரியம். அப்படி ஓர் ஓட்டையைத்தான் கண்டுபிடித்திருப்பதாக அவர் எண்ணினார். எட்டடி தள்ளி இரண்டாவது இடத்தைக் காட்டினார். அங்கேயும் துணி வந்தது. மூன்றாவதிலும் நான்காவதிலும் வந்தது. ஐந்தாவது இடத்தில் ஆண்டி கட்டைவிரல் நகம் புதையும் ஆழத்துக்குப் போனார். துணிக்குக் கீழே துணிதான் இருந்தது.

அடிப்பகுதி முழுவதையும் துரு தின்றுவிட்டது, முழுவதையும் துணியால் மூடியிருக்கிறார்கள் என்று குமாரசாமி உறுதி கொண்டார். இத்தனை நாளாகத் தேடிய குறை கிடைத்துவிட்டதில் அவருக்கு நிறைவு இருந்தது என்றும், அதை மறைக்க வேண்டியதில்லை என்றும் என்னிடம் சொன்னார். உடனே ஜெயபிரகாஷைத் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, கொச்சிக்காரன் உங்கள ஏமாத்திப் போட்டானுங்க. படகுக்கு அடியே இல்லீங்க."

ஜெயபிரகாஷ் இருபது நிமிடத்தில் வந்து சேர்ந்தார். குனிந்து ஐந்து இடங்களையும் பார்த்தார். ஆண்டியின் கையிலிருந்த கிரைண்டரைப் பார்த்தார். அவர் குரலை உயர்த்தவில்லை.

"படகுல ஏதுங்கண்ணா இரும்பு?"

அடிமுதல் நுனிவரை கண்ணாடியிழைத் துணியை அடுக்கடுக்காக ஒட்டிக் கட்டிய படகு அது. செங்காவி நிறத்தில் இருந்தது, பாசியும் சிப்பியும் ஒட்டாமல் தடுக்கும் விலையுயர்ந்த பூச்சு. இதை ஜெயபிரகாஷ் விளக்கி முடிக்கும்வரை குமாரசாமி காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆண்டி, "பஸ்ஸு மூஞ்சிக்குப் போடறாங்களே, அந்தச் சரக்குத்தானுங்க. நான் அப்பவே நெனச்சேன்" என்றார். அப்பவே சொல்லியிருக்கலாமே என்று அங்கிருந்த ஒருவர் கேட்டதற்கு, யாரும் தம்மைக் கேட்கவில்லை என்று பதில் சொன்னார்.

அந்தமானில் விடுதி நடத்தும் சிலர் படகை வாங்க விரும்பி, மதிப்பாய்வுக்கு ஆளனுப்புவதாக ஜெயபிரகாஷுக்கு முன்பே எழுதியிருந்தார்கள். நான்கு நாளில் அந்த ஆள் வந்துவிடுவார். ஜெயபிரகாஷ் தம்முடைய ஒர்க்‌ஷாப் ஆட்களைக் கொண்டு ஐந்து பள்ளங்களிலும் பட்டி நிரப்பித் தேய்க்கச் செய்தார். அடிப்பகுதி முழுவதற்கும் அதே செங்காவியில் லாரி பெயின்ட் அடிக்கச் செய்தார். முன்பிருந்ததைவிடப் பளபளப்பாக இருந்தது. படகு அவருடையது, குமாரசாமி தடுத்திருக்க முடியாது. ஒன்றை மட்டும் ஜெயபிரகாஷ் சொல்லி வைத்தார். வருபவரிடம் பேசுவதைத் தாமே பார்த்துக்கொள்வாராம்.

"நீங்க பக்கத்துல சும்மா நின்னாப் போதுமுங்கண்ணா. ரிக்கு ஏழையும் அடுத்த வாரமே எழுதிக் குடுத்தர்றேன்."

குமாரசாமி அதற்குச் சரியென்றும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. மதிப்பாய்வுக்கு ஆள் வரும்வரை டயர் கடைக்குப் போகவில்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டவர்களுக்கு, ஒன்றுமில்லை, படகு விற்கிறார் என்று ராசாத்தி பதில் சொல்லியனுப்பினார்.

மதிப்பாய்வாளர் ஒரு பெண்மணி. பெயர் ஜீவா, தூத்துக்குடிக்காரர், நாற்பது வயதுக்குள் இருக்கும். காலை ஒன்பது மணிக்குத் தோளில் ஒரு பையோடு யார்டில் வந்து இறங்கினார். ஜெயபிரகாஷ் இளநீர் வெட்டச் சொன்னார். எஞ்சின்கள் ஓடிய மணிக்கணக்கையும், படுக்கையறைகளையும், சுழல் நாற்காலியையும் பற்றி வரிசையாக எடுத்துரைத்தார். ஜீவா கேட்டுக்கொண்டே பையிலிருந்து சிறு சுத்தியல் ஒன்றை வெளியே எடுத்தார். தலைப்பகுதி பிளாஸ்டிக்காலானது. அவர் படகை நோக்கி நடக்கத் தொடங்கியபோது, கம்ப்ரசர் ஓரமாக நின்றிருந்த குமாரசாமி முன்னால் வந்தார்.

"அம்மணி, ஒரு நிமிசம் நில்லுங்க. நல்லதெல்லாம் தம்பி சொல்லிப் போட்டாரு. கொறையக் கேட்டுட்டுப் போயித் தட்டுங்க."

ஜெயபிரகாஷ் இருமினார். குமாரசாமி திரும்பவில்லை. அடிப்பகுதியில் ஐந்து இடங்களைத் தாம் கிரைண்டர் வைத்துக் கெடுத்துவிட்டதாகச் சொன்னார். அவற்றின்மேல் இப்போதிருப்பது லாரிக்குப் போடும் பட்டி என்றும், மேலே அடித்திருப்பது லாரி பெயின்ட் என்றும் சொன்னார். பட்டி போட்டது யார் என்று சொல்லவில்லை. பிறகு உடன் வந்திருந்த ஆண்டியிடமிருந்து சுண்ணக்கட்டி வாங்கி, பளபளப்பின்மீது கையளவு எடுத்து ஐந்து வட்டங்கள் போட்டார். நான்காவது வட்டத்தைப் போட்டு, அழித்து, ஒரு சாண் தள்ளி மீண்டும் போட்டார்.

ஜீவா ஒவ்வொரு வட்டத்தையும் தட்டினார். பிறகு வட்டமில்லாத இடங்களிலும் தட்டினார். ஓசையின் வேறுபாடு சற்றுத் தொலைவில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"நீங்க சொல்லாட்டாலும் சுத்தியல் சொல்லிருக்கும் அண்ணாச்சி" என்றார்.

"அது சொல்றதுக்கு முன்னால நான் சொல்லோணுமுங்க."

ஜீவா அவரை ஏறிட்டுப் பார்த்தார். வேறு குறை ஏதும் உண்டா என்று கேட்டார். மற்றது எதுவும் தமக்குத் தெரியாது, தெரியாததையும் ஒரு குறையாக எழுதிக்கொள்ளலாம் என்று குமாரசாமி பதில் சொன்னார்.

ஆய்வு மூன்றரை மணி நேரம் நடந்தது. ஈரம் அளக்கும் கருவியொன்றைப் படகின் உடம்பில் ஒற்றி ஒற்றிப் பார்த்தார் ஜீவா. எஞ்சின் அறைக்குள் தலைகீழாக இறங்கினார். இரை மீன் தொட்டியின் குழாயை முகர்ந்து பார்த்தார். குமாரசாமி அவர் பின்னாலேயே போனார், ஏணியைப் பிடித்துக்கொண்டார், ஒவ்வொன்றும் என்ன குறை, எப்படித் தெரிகிறது என்று கேட்டார். முதலில் சுருக்கமாகப் பதில் சொல்லிவந்த ஜீவா, பிறகு கேட்பதற்கு முன்பே சொல்லத் தொடங்கினார். படகைத் தள்ளும் சுழலியின் தண்டு வெளியே வரும் இடத்தருகே பழைய பழுது ஒன்று இருந்தது. எப்போதோ பாறையிலோ மணல்திட்டிலோ உரசி, யாரோ நன்றாகவே சரிசெய்திருக்கிறார்கள். தளத்தில் ஒரு மூலையில் ஈரம் இறங்கியிருந்தது. நாற்காலியின் அடித்தட்டில் ஓர் ஆணி வேறு அளவு. மொத்தம் முப்பத்துநான்கு குறைகள் எழுதப்பட்டன. அவற்றுள் ஐந்து குமாரசாமியுடையவை.

ஒன்றேகால் மணிக்கு ஜீவா ஜெயபிரகாஷின் மேசையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார். அந்த ஐந்து இடங்களுக்கும் எதிரே, சேதத்திற்குக் காரணம் என்ன என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. ஜெயபிரகாஷ், கொச்சியிலிருந்து ஏற்றி வரும்போது உரசியது என்று எழுதிவிடலாம் என்றார். ஏற்றி இறக்குவதில் இதெல்லாம் நடப்பதுதானே என்றும் சொன்னார். அப்படி எழுதினால் அது மேலோட்டமான கீறல் என்று வாங்குபவர் நினைத்துக்கொள்ள இடமுண்டு. ஜீவா பேனாவைத் தாளில் வைக்காமல் குமாரசாமியைப் பார்த்தார்.

"என்ன எழுதட்டும் அண்ணாச்சி?"

"இரும்பு இருக்குதுன்னு நெனச்சுச் சொரண்டுனதுன்னு எழுதுங்க."

"அப்படியே எழுதிரட்டா?"

"அப்பிடியே எழுதுங்க அம்மணி. ஆழம் எவ்வளவுன்னு ஆண்டியக் கேட்டுப் போட்டுக்கங்க. அவந்தான் உள்ள போனவன்."

ஜீவா சிரித்துவிட்டார். ஆனால் அந்த வாக்கியத்தை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினார். ஆழத்தையும் ஆண்டியின் கட்டைவிரலை அளவுகோலில் வைத்து அளந்து எழுதினார். கீழே குமாரசாமி கையெழுத்திட்டார்.

அந்தமான்காரர்கள் படகை வாங்கிக்கொண்டார்கள். பட்டியை முழுவதும் நீக்கி, ஐந்து இடங்களிலும் புதிதாகத் துணி அடுக்கி ஒட்டி, அடிப்பூச்சைத் திரும்பப் பூச வேண்டும். அது தூத்துக்குடியில், விற்பவர் செலவில் நடக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. ஜெயபிரகாஷ் ஒப்புக்கொண்டார். குமாரசாமிக்குரிய தரகு முழுவதையும் அன்றே ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பினார். பழுது பார்க்கும் செலவுக்கென்று அதில் பாதியைக் குமாரசாமி அந்த ஆளிடமே திருப்பி அனுப்பினார். அது திரும்பி வரவில்லை.

இருவரும் நேரில் பார்த்துக்கொண்டது அதன்பின் ஒரே ஒருமுறை, படகை லோபெட்டில் ஏற்றும்போது. ஆனி இருபத்தொன்பதாம் தேதி அது. கயிறுகளை இறுக்கிக் கட்டி முடிக்கும்வரை ஜெயபிரகாஷ் தள்ளி நின்றார். முடிந்தபின் பக்கத்தில் வந்தார்.

"அண்ணா, கோவப்பட்டுச் சொல்லலீங்க. என்ற வண்டி எதையும் இனி நீங்க காட்ட வேண்டாமுங்க."

"சரிங்க தம்பி."

"ஒரு வார்த்த சொல்லாம நின்னிருக்கலாமுங்கண்ணா. எப்படியும் அந்தம்மா கண்டுபுடிச்சிருப்பாங்க. யாருக்கும் ஒண்ணும் கெட்டிருக்காது."

"ஆமாங்க" என்றார் குமாரசாமி. "அந்தம்மா கண்டுபுடிச்சிருப்பாங்க."

ஏழு ரிக்குகளும் இப்போது நாமக்கல்லைச் சேர்ந்த வேறொரு தரகரிடம் இருக்கின்றன. அவற்றுள் மூன்று விற்றுப்போயின. குமாரசாமி தம் நாற்காலிக்குத் திரும்பி வந்துவிட்டார். சாலையில் போகும் லாரிக்காரர்கள் சிலர் வேகத்தைக் குறைத்து, கப்பல் ஏதும் விலைக்கு வந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். அவர் கையசைப்பார். நின்று கேட்பவர்களிடம் அந்தப் படகைப் பற்றிச் சொல்லவும் செய்கிறார். அறைகளையோ எஞ்சின்களையோ சொல்வதற்கு முன், அதன் அடிப்பகுதியில் ஐந்து இடங்களைத் தாம் கெடுத்துவிட்டதை முதலில் சொல்லிவிடுகிறார்.